புகார் இல்லாத வண்டி

அத்தியாயம் 9

புனே சாங்வியில் எங்கள் ஆபீஸ் வாசலில் ஜீப்பை நிறுத்தினேன். வழக்கம்போல இறங்கிக் கல்லை முன் சக்கரத்துக்கு உதைத்துத் தள்ளிவிட்டுப் பூட்டைத் திறக்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை. படியில் சுஷ்மா உட்கார்ந்திருந்தாள். பதினோரு நாளில் இது ஐந்தாவது தடவை. ஞாயிற்றுக்கிழமைகூட மனுஷனை விடமாட்டார்களா என்று வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

"நேத்து எங்காத்துக்காரரைப் பார்க்க எரவாடா ஜெயிலுக்குப் போயிருந்தேன் ஜம்பு சார். நாளைக்குப் பதினோரு மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னாடி வாக்குமூலம் கொடுக்கப் போறாராம்."

"என்னன்னு?"

"ஹேண்ட்பிரேக் போட மறந்துட்டேன், தப்பு முழுக்க என்னோடதுன்னு. வக்கீல் சொல்றார், ஒரு தடவை அதை எழுதிண்டுட்டா அப்பறம் யார் வந்தாலும் மாத்த முடியாதாம். வேலை போயிடும். உள்ள எத்தனை வருஷமோ. என்கிட்ட மூஞ்சி கொடுத்துக்கூட பேச மாட்டேங்கறார்."

நான் ஜம்பு. அரக்கோணத்துக்காரன். டயர் விற்கும் வேலையில் வாய்த்துடுக்குக்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டு, ஆறு வருடமாகச் செல்வமேரி அக்காவிடம் உதவியாளன். அக்கா தூத்துக்குடி. இருபது வருடம் இன்ஷூரன்ஸில் மோட்டார் சர்வேயராக இருந்தவர். நொறுங்கிய வண்டிகளையும் நொறுங்காத பொய்களையும் பார்த்துச் சலித்துப்போய்ச் சொந்தமாகத் துப்பறியும் நிலையம் வைத்தார். இதுவரை தோற்ற கேஸ் இரண்டு. இது மூன்றாவதாகிவிடும் என்று அன்று காலை எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

கேஸ் இதுதான். சுஷ்மாவின் கணவர் அச்சுதன், ராணுவ ஆராய்ச்சி ஆபீஸ் ஒன்றில் ஸ்டோர் கீப்பர். பன்னிரண்டு வருடமாக மல்லா என்ற ரக ஜீப் ஒன்று வைத்திருக்கிறார். சேறும் மலையும் ஏறுவதற்கென்றே செய்த வண்டி. விஜயதசமி காலை கோயிலுக்குப் போய்வந்து, கோந்த்வாவில் தன் வீட்டெதிரே சரிவான தெருவில் அதை நிறுத்திவிட்டு உள்ளே போனார். ஐந்து நிமிடம் ஆகவில்லை. ஆளில்லாத ஜீப் தானாக இறங்கி, தெருக்கோடியில் தள்ளுவண்டியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த, தெருவுக்கே காக்கா, மராட்டியில் சித்தப்பா, ஆன தோண்டிபாவை மதிலோடு வைத்து அழுத்திவிட்டது. காக்கா அங்கேயே போய்விட்டார். தெருவே திரண்டு கத்தியது. ஜாமீன் கிடைக்காத பிரிவில் கேஸ் விழுந்தது.

மாடியிலிருந்து அக்கா காபி டம்ளரோடு இறங்கி வந்தார். சுஷ்மா சொன்னதைக் கேட்டுவிட்டு, முந்தின நாள் கைக்கு வந்த போலீஸ் போட்டோவை மேஜைமேல் வைத்தார். ஜீப்பின் உள்பக்கம். ஸ்டியரிங்கில் வாடிய சாமந்தி மாலை.

"ஹேண்ட்பிரேக் எப்படி இருக்கு, பாரு."

"மேல இருக்குக்கா. முழுசா இழுத்திருக்கு."

"போட மறந்துட்டேன்னுல்லா மனுசன் சொல்லுதாவ."

தப்பிப்பதற்குப் பொய் சொல்பவர்களை வண்டி வண்டியாகப் பார்த்திருக்கிறேன். மாட்டிக்கொள்வதற்குப் பொய் சொல்கிறவரை அன்றுதான் பார்த்தேன்.

அக்கா போலீஸ் பட்டியலைப் படித்தார். வண்டிக்குள் ஒரு ஜாக்கி, ஸ்பேனர் பை, குடை, பிரசாதப் பொட்டலம். வண்டி நின்ற இடத்தில், வீட்டு வாசலில், ஒரு செங்கல்.

"செங்கல்லை எதுக்கு எழுதியிருக்கான்?"

"பக்கம் நிரம்பணும்லக்கா."

அக்கா சிரிக்கவில்லை. "சுஷ்மா, நீ வீட்டுக்குப் போம்மா. சாயங்காலத்துக்குள்ள நாங்க வாறோம்" என்றார்.

"நாளைக்குப் பதினோரு மணிக்குள்ள ஏதாவது பண்ணிடுவேளா?"

அக்கா போட்டோவை எடுத்து உறைக்குள் போட்டார். பொய் சொல்லி ஆறுதல் படுத்துவது அவருக்கு எப்போதுமே வராது. சுஷ்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ரிக்ஷா பிடிக்கப் போனாள்.

எங்களுக்கு மிச்சமிருந்தது ஒரே வழி. ஹேண்ட்பிரேக் இழுத்திருந்தும் வண்டி ஓடியது என்றால், கோளாறு வண்டியில். அதை நிரூபிக்க வேண்டும். ஆனால் ஜீப் கம்பெனி எங்கள் வக்கீலுக்கு அனுப்பிய பதில் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. இரண்டு வருடத்துக்கு முன், 2001இல், புனேயில் பழைய மல்லா வைத்திருக்கிறவர்களிடம் கம்பெனி தபாலில் கருத்துக் கேட்டிருக்கிறது. பதினான்கு பேர் பதில் எழுதியிருக்கிறார்கள். 'வண்டியில் கண்ட குறைகள்' என்ற கட்டத்தில் பதினான்கு பேரும் ஒரே பதில்: ஒன்றும் இல்லை. அந்தப் பதினான்கில் ஒன்று அச்சுதனுடையது.

"மிச்சம் பதிமூணு பேரு" என்றார் அக்கா. "ஹடப்சர் மைதானத்துல மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை கூடுதாவள்லா? இன்னைக்குத்தான். கிளம்பு."

ஹடப்சரில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு பொட்டல் மைதானம். வரிசையாகப் பன்னிரண்டு மல்லா ஜீப்புகள் நின்றன. பக்கத்தில் அவற்றின் சொந்தக்காரர்கள், கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவர்கள் மாதிரி பூரித்துப்போய் வடாபாவ் தின்றுகொண்டிருந்தார்கள். நான் கல்லைப் போட்டுவிட்டு நோட்டை எடுத்தேன்.

"பன்னிரண்டு பேருதான இருக்காவ. இன்னொரு ஆளு யாரு?" என்றார் அக்கா.

நான் ஷூ லேஸைக் கட்டக் குனிந்தேன்.

முதலில் விச்சு சார். ரிட்டயர்டு பாங்க் மேனேஜர், தலையில் தொப்பி. "குறையா? மல்லாவுலயா? என்ன சார் கேள்வி இது. பதினாலு வருஷம், ஒரு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர். நடு வழியில ஒரு நாள் விட்டதில்ல."

"ஹேண்ட்பிரேக்?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ்."

அடுத்தது ஹடப்சரில் தார்ப்பாய்க் கடை வைத்திருக்கும் கவுஸ் பாய், கீழக்கரைக்காரர். "என் பொஞ்சாதி சபூராகிட்டகூட குறை சொல்லுவேன் தம்பி. இவகிட்ட சொல்ல மாட்டேன்" என்று ஜீப்பின் மூக்கைத் தட்டினார்.

மீதிப் பத்துப் பேரும் மராட்டியிலும் இந்தியிலும் இதையே சொன்னார்கள். ஒருவர் என்னிடம் கோபித்தே கொண்டார். வண்டியைப் பற்றித் தப்பாகக் கேட்பதற்கு நான் எந்தக் கம்பெனியின் ஆள் என்றார். நோட்டில் பன்னிரண்டு முட்டை போட்டேன். மணி பன்னிரண்டு. எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. ஒருத்தன் செத்துப்போயிருக்கிறான், ஒருத்தன் ஜெயிலில் இருக்கிறான், இவர்களோ இரும்புக்கு வக்காலத்து வாங்குகிறார்கள்.

"போலாம்க்கா. இவங்க கட்டின பொண்டாட்டிய விட்டுக் கொடுப்பாங்க, இதை விட்டுக் கொடுக்க மாட்டாங்க."

அக்கா அசையவில்லை. கவுஸ் பாயின் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"பாய், இன்னைக்கு ஒரு நாளைக்கு உங்க வண்டியை நான் ஓட்டிட்டுப் போறேன்னு வையுங்க. சாவியைக் கையில குடுக்கும்போது என்ன சொல்லிக் குடுப்பீய?"

கவுஸ் பாய் யோசிக்கவே இல்லை. "ஒண்ணுமில்லம்மா. இடது கதவைக் கீழ ஒரு உதை உதைச்சாத்தான் திறக்கும். இறக்கத்துல முதல் கியர் துள்ளி வெளிய வந்துரும், முட்டியால அமுக்கிப் புடிச்சுக்கங்க. மழை பெஞ்சா வைப்பர் வேலை செய்யாது, கையால தள்ளி விடுங்க. அப்புறம் எங்க நிறுத்துனாலும் சீட்டுக்குப் பின்னால கல்லு கெடக்கு, அதைச் சக்கரத்துக்குக் குடுத்துருங்க."

"ஏன், ஹேண்ட்பிரேக் இருக்குல்லா?"

"இருக்கும்மா. நிக்காது. எத்தனை தடவ இழுத்துக் கட்டுனாலும் மூணே மாசத்துல தொளதொளன்னு ஆயிரும்."

நான் வாயைத் திறந்தபடி நின்றேன். "பாய், ஒரு மணி நேரம் முன்னாடி குறையே இல்லன்னீங்களே?"

"இது குறையா தம்பி?" என்று என்னைப் பாவமாகப் பார்த்தார். "இது அவ சுபாவம்."

அதன்பிறகு அணை உடைந்தது. அக்கா அதே கேள்வியோடு ஒவ்வொருவரிடமும் போனார். குறை என்ன என்று கேட்டபோது முறைத்தவர்கள், ஓட்டச் சொல்லிக் கொடுங்கள் என்றதும் தோளில் கை போட்டுப் பாடம் நடத்தினார்கள். விச்சு சார் பெருமையோடு தன் கல்லை எடுத்துக் காட்டினார். வெள்ளை பெயின்ட் அடித்து நாமம் போட்டிருந்தார். என்மேல் கோபித்துக்கொண்டவரிடம் கயிறு கட்டிய மர ஆப்பு இருந்தது, இறங்காமலே இழுத்துக்கொள்ள வசதியாக. பன்னிரண்டு ஜீப்புக்குப் பன்னிரண்டு கல். நான் முட்டைகளை அடித்துவிட்டுக் கை வலிக்க எழுதினேன்.

"ஜெயிச்சுட்டோம்க்கா," என்றேன். "இத்தனை பேர் கையில கல்லு. ஒருத்தனுக்குக்கூட உறைக்கல பாருங்க. இவனுங்களையெல்லாம் என்ன சொல்றது?"

"நம்ம வண்டி எங்க நிக்குது ஜம்பு?"

திரும்பிப் பார்த்தேன். கேரம் போர்டு மாதிரி சமமான தரையில் எங்கள் நீல நிற மல்லா நின்றது. முன் சக்கரத்தில் கல்.

"நீதான வச்ச?"

"ஆமா."

"எதுக்கு வச்ச?"

"வைக்கணும்லக்கா" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆறு வருடமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்தக் கல்லை வைத்து எடுத்திருக்கிறேன். பதினோரு நாளாக ஹேண்ட்பிரேக் கேஸுக்காக அலையும்போதும் வைத்து எடுத்திருக்கிறேன்.

"பதிமூணாவது ஆளு யாருன்னு இப்ப சொல்லு."

"நம்ம பேர்ல நான்தான் எழுதிப் போட்டேன்க்கா. பதில் அனுப்பினா சாவிக்கொத்து இலவசம்னாங்க."

அக்கா என்னைத் திட்டவில்லை. "இருபது வருசம் சர்வேயர் வேலை பாத்தவ நான். எனக்கும்லா தெரியல" என்று மட்டும் சொன்னார்.

கோந்த்வாவுக்குப் போகும் வழியில் நான் பேசிக்கொண்டே வந்தேன். சந்தோஷம் தலைக்கு ஏறியிருந்தது. "அச்சுதன் வண்டிலயும் கல்லு இருந்திருக்கணும்க்கா. போலீஸ் லிஸ்ட்ல கல்லு இல்ல. அப்ப யாரோ எடுத்திருக்கான். அவன் யாருன்னு தெரிஞ்சா நாளைக்கு அச்சுதன் வெளிய."

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "செங்கல்லை யோசிச்சியா?"

"எதுக்கு?"

"கோயில் வாசல் சமதரை, அங்க கல்லைத் தேடியிருக்க மாட்டாவ. வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்துதாவ. பின்னால கையை விடுதாவ. கல்லு இல்ல. தேடிட்டு உள்ள போறாவ. வரும்போது கையில செங்கல். அதுக்குள்ள வண்டி போயிட்டு." என் பக்கம் திரும்பினார். "கல்லு இல்லன்னதும் வெளிய தேடாம ஏன் வீட்டுக்குள்ள போனாவ, ஜம்பு?"

எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளவும் முயலவில்லை.

"அங்க போயி நீ வாயைத் திறக்காத. நான் பேசிக்கிடுதேன்."

"சரிக்கா."

அச்சுதன் வீட்டு வாசலிலேயே நிறுத்தினோம். சரிவு கண்ணுக்கே தெரிந்தது. நான் கல்லை நன்றாக அழுத்தி வைத்தேன். தெருக்கோடியில் மதில் இடிந்திருந்த இடத்தில் யாரோ செவ்வந்திப் பூ வைத்திருந்தார்கள். தரையில் இஸ்திரிப் பெட்டிக் கரி கொட்டின கறுப்பு இன்னும் போகவில்லை.

சுஷ்மா கதவைத் திறந்தாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பதினோரு நாளாக நல்ல செய்தியே காணாத கண். என்னால் தாங்க முடியவில்லை. இந்த வாயை என்ன செய்வது, அது திறந்துவிட்டது.

"கிடைச்சிடுச்சும்மா. மல்லா ஜீப்ல ஹேண்ட்பிரேக் நிக்கவே நிக்காது. எல்லாரும் சீட்டுக்குப் பின்னால ஒரு கல்லு வச்சிருக்காங்க, சக்கரத்துக்குக் கொடுக்க. உங்க வீட்டுக்காரர் கல்லை எந்தப் படுபாவியோ எடுத்துட்டான். அவனைப் பிடிச்சா முடிஞ்சுது."

"ஜம்பு" என்றார் அக்கா. தாமதமாகிவிட்டது.

சுஷ்மா அப்படியே நின்றாள். "கல்லா?" என்றாள். "எவ்வளவு பெருசு இருக்கும்?"

நான் கையால் காட்டினேன். ஒரு தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிதாக.

அவள் திரும்பி ஹாலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கொலு இன்னும் எடுக்கவில்லை. விஜயதசமி அன்று ராத்திரி ஒரு பொம்மையைச் சாய்த்துப் படுக்கவைத்துவிட்டு, மறுநாள் எடுத்து வைக்க வேண்டியது. இந்த வீட்டில் அந்த ராத்திரியே வரவில்லை. ஏழு படியிலும் பொம்மைகள் தூசி படிந்து நின்றன. கீழே தரையில் பார்க். முளைத்த கடுகுச் செடிகள் காய்ந்து சுருண்டு கிடந்தன. நடுவில் பழனி மலை. கறுப்புக் கல், அதில் சாக்பீஸால் வரைந்த படிக்கட்டு, உச்சியில் விரல் அளவு முருகன்.

"ஆயுத பூஜைக்குப் பின்தெரு மைதானத்துல விட்டிருந்த ஜீப்பை நான்தான் அலம்பினேன்" என்றாள் சுஷ்மா. யாரிடமோ ஒப்பிப்பதுபோல் இருந்தது. "களிமண்ல பண்ணியிருந்த மலை அன்னிக்குத்தான் விண்டு போச்சு. சாயங்காலம் எல்லாரும் வெத்தலை பாக்குக்கு வருவா. வண்டில இது கெடந்தது. மலையேறப் போற எடத்துலேர்ந்தெல்லாம் கல்லு பொறுக்கிண்டு வருவார், அதுல ஒண்ணுன்னு நெனச்சேன். நல்லா தேய்ச்சு அலம்பி..." அவள் விரல் பழனி மலையைக் காட்டியது.

படுபாவி என்று சொன்ன நாக்கை வெட்டிப் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

"மறுநாள் காத்தால அவர் உள்ள ஓடி வந்தார். கொலு முன்னாடி வந்து நின்னார். கையை நீட்டினார், மடக்கிண்டார். என்னன்னு கேட்டேன். கொலுவுல வச்சதை இன்னிக்கு எடுக்கலாமோன்னு கேட்டார். சாயங்காலம் வரைக்கும் எதையும் தொடக்கூடாதுன்னு சொன்னேன். பொம்மையைத்தான் கேக்கறார்னு நெனச்சேன். சரின்னுட்டுக் கொல்லைப்பக்கம் ஓடினார். துளசி மாடத்துக்கு முட்டுக் கொடுத்த செங்கல்லைப் பிடுங்கிண்டு..."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவருக்குத் தெரியுமா மேடம்?"

"தெரியும்மா. முதல் நாள்லேருந்தே தெரியும். ஹேண்ட்பிரேக் போட்டேன்னு சொன்னா, பிறகு ஏன் ஓடுச்சுன்னு கேப்பாவ. கல்லு எங்கன்னு கேப்பாவ. அதான் போடவே இல்லன்னு சொல்லுதாவ."

சுஷ்மா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை. அந்தக் கல்லைப் பார்த்தாள். "கொலுவுக்குக் கட்டிண்ட பட்டுப்புடவை காக்கா இஸ்திரி போட்டுக் கொடுத்தது" என்றாள். பிறகு, "நான் சொன்னா அவர் வெளிய வருவாரா?" என்று கேட்டாள்.

"கல்லு இல்லன்னதும் ஓடி ஓடித் தேடின மனுசன் அசட்டையா இருந்தார்னு யாரும் சொல்ல முடியாது. பிரேக்குக்கு இத்தனை பேரு சாட்சி இருக்காவ. நானும்தான் சாட்சி. ஆனா அந்த அஞ்சு நிமிசத்துக்கு உன்னை விட்டா சாட்சி இல்லம்மா." அக்கா அவள் கையை விட்டார். "தெருவுல நாலு பேரு உன்னைத்தான் குத்தம் சொல்லுவாவ. அவரும் சண்டை போடுவாரு. யோசிச்சுக்கோ."

சுஷ்மா எழுந்தாள். முருகனை இரண்டு விரலால் எடுத்து மேல் படியில் ராமருக்குப் பக்கத்தில் வைத்தாள். குனிந்து கல்லைப் புரட்டினாள். அடிப்பக்கம் டயர் உரசி உரசிப் பளபளவென்று கறுத்திருந்தது. தேய்த்து அலம்பியும் போகாத கறுப்பு. அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"பதினோரு மணிக்கு அவர் பேசறதுக்கு முன்னாடி நான் பேசணும். எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

"ஒம்பதுக்கு வாறோம்" என்றார் அக்கா.

கதவைச் சாத்துமுன் திரும்பிப் பார்த்தேன். ஒரு கையால் கல்லைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஒரு மரப்பாச்சியை அவள் மெல்லச் சாய்த்துப் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே அக்கா ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். நான் முன் சக்கரத்துக்குக் குனிந்தேன். கல்லுக்கும் தெருக்கோடிக் கரிக்கும் நடுவில் சரிவு மட்டும்தான் இருந்தது. என் கை கல்லைத் தொட்டது, ஆனால் இழுக்க வரவில்லை.

"என்ன ஜம்பு?"

"நீங்க முதல்ல பிரேக்கை மிதிச்சுக்கங்கக்கா. மிதிச்சேன்னு வாயால சொல்லுங்க. அப்புறம் எடுக்கறேன்."

ஆறு வருடத்தில் அதை நான் கேட்டது அதுவே முதல் தடவை.

"மிதிச்சுட்டேன்" என்றார் அக்கா.